முதுமொழியும் அதன் ஏதுவும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எளியேனை இப்பேரவையில் நிறுத்தி, மக்களியல்பும் நம்பிக்கையும் இக்கால வாழ்வும் பற்றி மூத்தோர் மொழிந்த மொழிகளைக் குறித்துச் சில சொல்லுமாறு பணித்தீர்கள். என்னினும் கற்றாரும், உலகியலில் என்னினும் அடிபட்டுத் தேர்ந்தாரும் பலர் நிறைந்த அவை இது. ஆகலின் புதியன கூறப் போகின்றேன் என்று யான் கருதவில்லை. நீங்கள் அறிந்தவற்றையே உங்கள் முன் வைத்து, அவற்றினூடே ஒரு கருத்தை மட்டும் வற்புறுத்த விரும்புகின்றேன். முதுமொழி நம் ஆராய்ச்சிக்கு ஏற்றிய விளக்கு. பிறர் வாயை அடைப்பதற்கு இட்ட மூடி அன்று. இதுவே யான் சொல்ல வந்தது.

தமிழர் முதுமொழியை மிக உயர்வாக மதித்தனர். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டும் உரையும் நூலும் முதலாக எண்ணிய ஏழு வகைகளுள் முதுசொல்லும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மதுரைக் கூடலூர் கிழார் இயற்றிய முதுமொழிக்காஞ்சி, பத்துப் பத்தாக 100 மொழிகளைக் கொண்டது. முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு, பாட்டுத்தோறும் ஒரு பழமொழியை வைத்து அறம் உரைப்பது. பிற்காலத்தில் பெர்சிவல் பாதிரியார் 1874-ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இடம்பெற்றன. ஜென்சன் என்னும் டென்மார்க்கு நாட்டுப் பாதிரியார் 1897-இல் அவற்றைப் பொருள்வகையாகப் பிரித்து மற்றொரு தொகுப்பை அச்சிட்டார். உழவனும் வணிகனும் தாயும் தச்சனும் வாய்மொழியாக வைத்திருந்த செல்வம் இவ்வாறு ஏடேறி நமக்குக் கிடைத்தது.

இனி, முதுமொழிக்குத் தொல்காப்பியர் கூறும் இலக்கணத்தின் கருத்தை எளிய நடையில் சொல்கின்றேன். கருத்து நுட்பமாதல் வேண்டும். சொல் சுருங்குதல் வேண்டும். பொருள் ஒளிவிட்டு விளங்குதல் வேண்டும். கேட்பார்க்கு எளிதாதல் வேண்டும். இந்நான்கும் யாவரும் எதிர்பார்ப்பன. ஐந்தாவதாக அவர் ஒன்று கூட்டுகின்றார்: தான் கருதியதை நிலைநாட்டுதற்குரிய காரணத்தையும் அது தாங்கி வருதல் வேண்டும் என்பதே அது. இக்காரணத்தையே ஏது என்பர். பழமையும் சுருக்கமும் மட்டும் ஒரு சொல்லை முதுமொழி ஆக்கிவிடா. ஏது இருந்தால்தான் அது முதுமொழி. ஏது நீங்கிய மொழி உமிதான்.

ஏது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதை அறியாத தமிழர் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்ட, ஆடியில் ஆறுகள் பெருகுகின்றன. அப்பொழுது விதைத்தால் அடுத்து வரும் மழை மாதங்களுக்குள் பயிர் வேரூன்றி நிற்கும். இதுவே அம்மொழியின் ஏது. ஆயின் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கும் இராமநாதபுரத்து மானாவாரி உழவரும், யாழ்ப்பாணத்துக் காலபோக உழவரும், நெல்லை ஆவணி புரட்டாசியை ஒட்டியே விதைப்பர். அவர்கள் பழமொழியை மீறினவர் ஆவரோ? ஆகார். மழையறிந்து விதை என்னும் உள்ளுறையை அவர்களும் போற்றினர்; மாதத்தின் பெயரை மட்டுமே மாற்றிக் கொண்டனர். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், காவிரிப் படுகை உழவரும் மாதத்தோடு அணை திறக்கும் நாளையும் நோக்க வேண்டியவராயினர். ஏதுவை அறிந்தவன் பழமொழியை நிலத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப ஆள்கின்றான். ஏதுவை அறியாதவனையோ பழமொழி ஆள்கின்றது.

மக்களியல்பைப் பற்றிய மொழிகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக விளங்கும். பதறாத காரியம் சிதறாது என்றனர். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றும் அவர்களே கூறினர். முன்னது பொறு என்கின்றது. பின்னது விரை என்கின்றது. தனி மரம் தோப்பாகாது என்று சுற்றத்தைப் போற்றிய வாயே, பலர் சேர்ந்து ஆராயாமல் செய்வதைக் கூட்டத்தோடு கோவிந்தா என்று எள்ளவும் செய்தது. வகுப்பில் இவற்றை அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதினால், "ஐயா, இவற்றுள் எது மெய்?" என்று மாணாக்கர் வினவுவர். நல்ல வினா. மருந்துக் கடையில் சூட்டைத் தணிக்கும் மருந்தும் உண்டு. குளிரைப் போக்கும் மருந்தும் உண்டு. இரண்டனுள் எது மெய்யான மருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. நோய் யாது என்றே மருத்துவன் கேட்பான். கோபத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தவனுக்கு முதல் மொழி மருந்து. வாய்த்த வேலைக்கு விண்ணப்பம் எழுதாமல் நாளைத் தள்ளுகின்றவனுக்கு இரண்டாம் மொழி மருந்து. இடம் மாறிக் கொடுத்தால் இரண்டும் நஞ்சாகும்.

பழமொழி பொய்யென்றால் பழையதும் சுடும் என்று சொல்லிப் பழமொழிகளுக்கு ஐயத்திற்கு அப்பாற்பட்ட தகுதி தருவாரும் உளர். பழையது சுடாது என்பது மெய்யே. ஆயின் பழையது ஊசிப்போவது உண்டு என்பதை நம் வீட்டுத் தாய்மார் அறிவர். ஓர் இரவு நீரில் இருந்த சோறு உழவனுக்கு அமிழ்தம். அதுவே நாள் தாண்டினால் கொட்டவேண்டியது. எது உண்ணத்தக்கது, எது கொட்டத்தக்கது என்று முகர்ந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு முகர்ந்து பார்க்கவேண்டிய மூன்றினை இங்கே எடுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, என் தொழிலைச் சார்ந்தது. அடியாத மாடு படியாது என்று சொல்லிப் பிள்ளைகளை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தந்தையர் இன்றும் உளர். மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்வது பொருந்துமோ என்பது ஒருபுறம் இருக்க, நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்று அடிக்கு எல்லை கட்டிய மொழியும் அதே தொழுவத்தில் பிறந்ததன்றோ? அடிபட்ட பிள்ளை பாடத்தைக் கற்பதில்லை. தனக்குத் தெரியாததை மறைத்து வைக்கக் கற்கின்றான். தெரியாது என்று எழுந்து நின்று சொல்லும் துணிவு போனபின் அவனுக்கு எதைக் கற்பிப்பது? 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் வருத்துவதையும் தடை செய்துள்ளது. சட்டம் தடுப்பதற்கு முன்னரே நம் அறிவு தடுத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெண்மக்களைப் பற்றியது. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றனர். இம்மொழிக்கு ஏது யாது? விறகடுப்பின் முன் பொழுதெல்லாம் கழியும் ஒருத்திக்கு ஏடு பிடிக்க நேரம் இல்லை என்பதே. அது அன்றைய வசதியைக் காட்டிற்றே அன்றி, அன்றும் நீதியைக் காட்டவில்லை. இன்றோ, பல வீடுகளில் ஊதுவதற்கு அடுப்பே இல்லை. எரிவாயு அடுப்பை ஒருவரும் ஊதுவதில்லை. ஊதுகுழல் வீட்டை விட்டுப் போயிற்று. பழமொழி மட்டும் போகவில்லை! புதுக்கோட்டையில் ஆண்களுக்கென்று இருந்த கல்லூரியில் சேர்ந்து கற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் கண்டவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் வீட்டார் அப்பழமொழியை நம்பியிருப்பின், அந்நிலையத்தில் நலம் பெற்ற எத்தனையோ குடும்பங்கள் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் மகன் மேற்படிப்புக்குக் கடன் வாங்கவும், மகள் படிப்புக்கு மட்டும் "போதும்" என்று சொல்லவும் கேட்கின்றோம். அந்தப் "போதும்" என்னும் சொல்லுக்குள் அப்பழைய ஊதுகுழல் ஒளிந்திருக்கின்றது.

மூன்றாவதைச் சொல்லச் சிறிது தயங்குகின்றேன். ஆயினும் சொல்லாமல் விடுதல் கடமையாகாது. பிற சமூகத்தாரைப் பற்றி இழிவாகக் கூறும் மொழிகள் நம் நாட்டில் மிகப் பல. அவற்றை இங்கு எடுத்துச் சொல்லி என் நாவை மாசுபடுத்த விரும்பவில்லை. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பார்க்கு ஒரு வேடிக்கை புலப்படும். ஒவ்வொரு குலத்தார் வாயிலும் அடுத்த குலத்தாரின் குறையே இருக்கும். தம் குலத்தின் குறை அங்கே இராது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்னும் மெய்ம்மொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவ்விழிமொழிகளிலோ ஏது ஒன்றும் இல்லை. எவனோ ஒருவன் எவனோ ஒருவனிடம் பட்ட மனக்கசப்பு, ஒரு குலத்தின் மேல் ஏற்றப்பட்டு, எதுகை மோனையால் நிலைபெற்றது. ஓசை இனிதாய் இருத்தல் உண்மைக்குச் சான்றாகாது. நாம் சங்கம் அமைத்தது நம் பிள்ளைகளின் கல்விக்கும் நலிந்தோர் உதவிக்கும். பிறரைத் தாழ்த்துதற்கு அன்று. உணவு வேளையில் விளையாட்டாகக் கூட அத்தகைய மொழியைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள். சிரிப்போடு கேட்டது சிந்தனையாய் வேர்விடும்.

இங்கே மற்றொரு வழக்கத்தையும் குறிப்பிடல் வேண்டும். பழமொழிகளுக்கு "உண்மைப் பொருள் இதுவே" என்று புதுப் பாடம் கூறுவது அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளது. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பதைச் "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று திருத்தி, சஷ்டி விரதமிருந்தால் கருப்பையில் மகவு வளரும் எனப் பொருள் விரிப்பர். கேட்டவர் வியந்து தலையசைத்துப் பத்துப் பேருக்குப் பரப்புவர். எந்த ஏட்டில், எந்தப் பதிப்பில் அப்பாடம் கண்டீர் என்று கேட்டால் பெரும்பாலும் விடை வாராது. விரதத்தின் பெருமையை யான் குறைக்கவில்லை. அது தன் பெருமைக்கு இப்பழமொழியை எதிர்பார்த்து நிற்கவும் இல்லை. சட்டியும் அகப்பையும் ஒரே அடுக்களையில் அருகருகே இருப்பவை; உள்ளே இல்லாதது வெளியே வாராது என்னும் பொருளும் குறைவின்றி முடிகின்றது. முடிந்த பொருளை உடைத்து வேறு பொருள் ஏற்றுதல் உரையாசிரியர் நெறி அன்று. இச்சிறு செய்தியை யான் விரித்தற்குக் காரணம் உண்டு. பழமொழியின் பாடத்தைக் கூட ஆராயாமல் நம்பும் நாம், பெரிய செய்திகளில் என்ன செய்வோம்? இனி அதனைக் காண்போம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். திருவள்ளுவரும் இக்கருத்தை இரண்டு இடங்களில் வைத்தார். அறிவுடைமை அதிகாரத்தில், சொல்கின்றவர் எவராயினும் சொல்லின் உண்மையை நாடுக என்றார். மெய்யுணர்தல் அதிகாரத்தில், தோற்றம் எத்தகையதாயினும் உள்ளீட்டை நாடுக என்றார். முன்னது செவிக்கு வைத்த காவல். பின்னது கண்ணுக்கு வைத்த காவல். ஒரு காவல் போதாதென்று இரண்டு வைத்தவரின் முன்னறிவை இந்நாளில்தான் நாம் முழுதும் உணர்கின்றோம்.

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், பிள்ளையார் திருவுருவங்கள் பால் அருந்துகின்றன என்னும் செய்தி தில்லியில் தொடங்கி, அன்றைக்கே நாடெங்கும் கடல்கடந்தும் பரவியது. கைப்பேசி பரவாத காலம் அது. தொலைபேசியே அச்செய்தியைச் சுமந்தது. பாலில் வண்ணம் கலந்து சோதித்த அறிவியலார், கரண்டிப் பால் பரப்பு இழுவிசையால் ஈர்க்கப்பட்டு உருவத்தின் மேல் மெல்லிய படலமாய் வழிந்து கீழிறங்குவதைக் காட்டினர். கூட்டத்தின் பக்தி பொய்யன்று, செய்தியே பிழை. இறைவன்பால் வைக்கும் அன்பு வேறு; வந்த செய்தியை எல்லாம் நம்புதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொள்பவர், செய்தி பொய்த்த நாளில் அன்பையும் இழப்பர். ஆகலின் ஆராய்ச்சி சமயத்துக்குப் பகை அன்று, அதற்கு வேலி.

அந்நிகழ்ச்சியில் ஒருவருக்கும் ஊறு இல்லை. 2018-இல் நிகழ்ந்ததோ நெஞ்சைப் பிளப்பது. பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் வந்துள்ளனர் என்னும் வதந்தி அவ்வாண்டு வாட்சாப் வழியே பல மாநிலங்களில் பரவியது. மே மாதம் 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலை நாடிக் காரில் வந்த குடும்பத்தார் வழி கேட்டனர். அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அவ்வளவே அவர் செய்த குற்றம்! கூட்டம் திரண்டு அவர்களைத் தாக்கியது, அம்மூதாட்டி உயிரிழந்தார், உடன் வந்தோர் கடுங்காயமுற்றனர். அவ்வாண்டு சூலை முதல் நாள், மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்து ரைன்பாடா என்னும் சிற்றூரில், நாடோடிச் சமூகத்தார் ஐவர் இதே வதந்தியால் கொல்லப்பட்டனர்.

குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பது பாட்டியின் இயல்பு. குழந்தையைக் காப்பது ஊராரின் இயல்பு. இரண்டும் நல்லியல்பே. நல்லியல்பு இரண்டு எதிர்ப்பட்ட இடத்தில் கொலை எவ்வாறு நுழைந்தது? அச்சத்தின் வழியே நுழைந்தது. அவ்வாண்டு பரவிய காட்சிகளுள் ஒன்றன் வரலாறு கேளுங்கள். இருசக்கர வண்டியில் வந்தோர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதாக அதில் இருந்தது. அது பாகிஸ்தானத்துக் கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று பெற்றோர்க்கு உணர்த்துதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர் குழந்தையைத் திரும்பக் கொணர்ந்து விட்டு, அறிவுரைப் பலகையைக் காட்டுவதோடு அது முடியும். அம்முடிவுப் பகுதியை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் பரப்பினர். பார்த்தவர் "எம் கண்ணாலேயே கண்டோம்" என்றனர். அவர்கள் கண்டது மெய், நம்பியது பொய். கண்ணால் காண்பதும் பொய் என்று மூத்தோர் கூறியது மிகையென்று நினைத்தோமே, இப்பொழுது என்ன சொல்வோம்?

அவ்வாண்டு சூலையில் வாட்சாப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு வேளைக்கு ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பர். அந்நிறுவனம் மூடியில் பாதி செய்தது என்று வைத்துக் கொள்வோம். மறுபாதி நம் கட்டைவிரலில் இருக்கின்றது. பொய்யைப் படைத்தவன் ஒருவன், சுமந்தவர் நூறாயிரம். சுமந்தவருள் ஒருவரும் தம்மைக் குற்றவாளி என்று எண்ணவில்லை. ஊருக்கு நன்மை செய்ததாகவே எண்ணினர்.

அச்சம் ஒரு வாயில் ஆயின், ஆசை மற்றொரு வாயில். 2012-ஆம் ஆண்டை ஒட்டிக் கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பு என்னும் பெயரால் நிகழ்ந்ததை அறியாதார் இலர். ஆஸ்திரேலியாவுக்குரிய அப்பறவையின் குஞ்சும் தீவனமும் கொடுத்து மாதந்தோறும் பணமும் தருவோம் என்று சொல்லி வைப்புத்தொகை வாங்கினர். விற்ற இறைச்சியின் இலாபத்தால் அன்றிப் பின் வந்தோர் கட்டிய பணத்தாலேயே முன் வந்தோர்க்குத் தரும் இடத்தில், புதியவர் வரவு நின்ற நாளில் யாவும் இடிந்து விழும். 2012-இல் இடிந்தது. வளர்த்த பறவைக்குத் தீனி போடவும் வழியின்றி உழவர் கலங்கினர். வைப்புத்தொகை இட்டவரைக் காத்தற்கென்று 1997-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் சட்டம் வழக்கு நடத்தித் தருமே அன்றி, இழந்த ஆண்டுகளைத் தராது.

பேராசை பெருநட்டம் என்பதை அங்கே பணம் கட்டியவருள் அறியாதவர் யாரேனும் உண்டோ? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லாதவர் உண்டோ? பின் எவ்வாறு வீழ்ந்தனர்? தாம் செய்வது பேராசை என்று எவர்க்கும் தோன்றுவதில்லை. அடுத்தவன் செய்வதே பேராசையாகத் தோன்றும். இத்தகைய திட்டங்கள் அயலான் வாயால் வருவதும் அரிது. மைத்துனன் சொல்வான், சம்பந்தி சொல்வார், "நம்மவர் நடத்துவது, நம்மவர் நூறு பேர் சேர்ந்துள்ளனர்" என்பர். நம்மவர் என்னும் சொல் ஆராய்ச்சியின் வாயை அடைத்துவிடும். உறவைச் சோதிப்பது போல் ஆகுமே என்று நாணிக் கணக்கைக் கேளாமல் விடுவோம். சங்கமாய்க் கூடியுள்ள நாம் இதனை நெஞ்சில் எழுதிக் கொள்ளல் வேண்டும். உறவு நம் பலம். ஏமாற்றுவோனும் அப்பலத்தையே படிக்கட்டாக வைத்து ஏறுகின்றான். கணக்குக் கேட்டால் முறியும் உறவு, பணம் போனால் நிற்குமோ? நேர்மையாளன் கேள்வியை மகிழ்ந்து ஏற்பான். கேள்விக்குச் சினப்பவனிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.

இவ்வளவு சொல்லியபின், என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழமொழி ஆயினும், கைப்பேசியில் வந்த பொன்மொழி ஆயினும், உறவினர் கொணர்ந்த செய்தி ஆயினும், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இதனைக் கண்டவர் யார்? எந்த நிலைக்கு இது சொல்லப்பட்டது? இப்பொழுது யாருடைய நன்மைக்காக இது என்னிடம் சொல்லப்படுகின்றது? முதற் கேள்வி வதந்தியைப் பிடிக்கும். பெரியோர் ஒருவர் படத்தின் கீழ் எவர் சொல்லையோ எழுதிப் பரப்புவதையும் அது பிடிக்கும். இரண்டாம் கேள்வி, மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்லாமல் காக்கும். மூன்றாம் கேள்வி, மகள் படிப்பை நிறுத்தச் சொல்லும் பழமொழியையும், பணத்தை இருமடங்காக்கித் தருவதாகச் சொல்லும் உறவையும் அடையாளம் காட்டும்.

இளைஞர்களே! மூத்தோர் மொழியெல்லாம் பழங்குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். கராச்சிப் படத்தின் வெட்டிய பகுதியைப் பின்னரே ஆராய்ந்தோர் கண்டு கூறினர். எழுத்தறியாத பாட்டியின் ஒரு மொழியோ அதை நம்பாதே என்று முன்னரே எச்சரித்திருந்தது. பெரியோர்களே! தங்களைப் பணிந்து வேண்டுகின்றேன். பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது பழமொழியால் அதன் வாயை மூடாதீர்கள். அப்பழமொழியின் ஏதுவைச் சொல்லுங்கள். ஏது தெரியாதாயின், இருவரும் சேர்ந்து தேடுங்கள். ஏதுவோடு பெற்ற மொழியைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் காக்கும். ஏதுவின்றிப் பெற்றதை வீட்டு வாயிலிலேயே விட்டுச் செல்லும்.

தாய்மார்களே! பழமொழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் நீங்களே. அடுக்களையிலும் தொட்டிலருகிலும் நீங்கள் சொல்வதே நாளைய மக்களின் அறிவுக்கு வித்து. பழிக்கும் மொழியைக் களைந்து, விழிக்கச் செய்யும் மொழியை விதையுங்கள். இன்றிரவு உங்கள் கைப்பேசியில் ஓர் அச்சச் செய்தி வருமாயின், அதனை அனுப்புதற்கு முன் அத்திமூரில் குழந்தையின் கையில் இனிப்பை வைத்த அம்மூதாட்டியின் கையை ஒரு கணம் நினையுங்கள்.

யான் கூறியவற்றுள் கொள்ளத்தக்கன உளவேல் கொள்க. ஆராய்ந்து தள்ளத்தக்கன உளவேல் தள்ளுக. என் சொல்லையும் அம்மூன்று கேள்விகளுக்கு உட்படுத்துதலே எனக்கு நீங்கள் செய்யும் மரியாதை.